அம்மா தமிழில் சொன்னதைத் தமிழில் வாங்கிய கதை

அம்மா கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், தமிழில் சொன்ன பதிலைத் தமிழில் எழுதி வாங்க எனக்குப் பத்து மாதம் பிடித்தது. பெப்ரவரியில் கேட்டேன், டிசம்பர் விடுமுறைக்கு முந்தின வாரம் கையில் கிடைத்தது, மொத்தம் 17 பக்கம். இதே அலைச்சலில் இருக்கிற இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டதால் எழுதி வைக்கிறேன். எந்தக் கோடு என்று சொல்லப்போவதில்லை, கொழும்பு புதுக்கடையில் கோடுகளுக்குக் குறைவா என்ன.

வழக்கு ஒன்றும் பெரிதில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் பொதுவாக ஓர் ஒழுங்கை, அதன் வாயில் ஒரு கேற். அதை நாங்கள் பூட்டி வழியை மறித்தோம் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அப்பா இருந்தபோது தொடங்கியது. அப்பா போய்விட்டார், வழக்கு இருக்கிறது, கூண்டில் ஏற வேண்டியது அம்மாவாகிவிட்டது.

கொழும்பில் கோட்டு மொழி சிங்களம், வடக்கு கிழக்கில் தமிழ். அம்மாவுக்கு மீன்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குச் சிங்களம் வரும், கூண்டில் நின்று பேச வராது. அதனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார், அம்மா தமிழில் பதில் சொல்வார், அதை மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சிங்களமாக்குவார், சுருக்கெழுத்தாளர் அந்தச் சிங்களத்தை எழுதிக்கொள்வார். மொழிபெயர்ப்பாளரைக் கோட்டில் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள், வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கேட்டில், அதாவது வழக்கின் எழுத்துப் பதிவில், ஏறுவது அம்மாவின் வார்த்தை இல்லை, முதலியாரின் வார்த்தை. இதை நான் அன்றைக்குத்தான் உறைக்க உணர்ந்தேன்.

ஏனென்றால் அன்றைக்கு வழக்கமான முதலியார் இல்லை. பக்கத்துக் கோட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள், அவருக்கு அங்கேயும் வழக்கு நடந்துகொண்டிருந்தது, வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். இரவில் அந்தக் கேற்றை என்ன செய்வீர்கள் என்று கேள்வி வந்தது. அம்மா, "சாத்தி வைப்பம், பூட்டுறதில்லை" என்றார். வந்த முதலியார் சிங்களத்தில் சொன்னது "வஹலா தியனவா" என்பதோடு நின்றுவிட்டது, அதாவது மூடி வைத்திருக்கிறோம். பூட்டுறதில்லை என்ற பாதி காற்றில் போய்விட்டது. முழு வழக்கே பூட்டினோமா இல்லையா என்பதுதான், அந்தப் பாதிதான் போனது.

வெளியே வந்ததும் எங்கள் சட்டத்தரணி லோயர் அக்காவிடம் சொன்னேன். "தம்பி, காதில விழுந்ததை வைச்சு ஒண்டும் செய்யேலாது. முதல்ல கொப்பியை எடுப்பம், அம்மா வாசிச்சுப் பாக்கிற மாதிரித் தமிழிலயும் கேப்பம்" என்றார். அப்படிக் கேட்க முடியுமா என்றேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையைப் பாருங்கோ என்றார். பார்த்தேன். கோட்டில் பயன்படுத்துகிற மொழி தெரியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கிடைக்க வேண்டும், அதை வழங்க வேண்டியது அரசு, சட்டப்படி பெறக்கூடிய வழக்கேட்டுப் பகுதியையும் தன் மொழியிலேயே பெறலாம் என்று தெளிவாக இருக்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டிய விஷயமே இல்லை. காகிதத்தில்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். முதலில் சட்டத்தரணி மூலம் ஒரு மோஷன் (கோட்டுக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை) போட வேண்டும்: இன்ன வழக்கு இலக்கம், இன்ன திகதி, இந்தச் சாட்சியின் இந்தப் பகுதிக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதியும் தமிழ் மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று. திகதியைக் குறிப்பாகப் போடுங்கள், முழு வழக்கேட்டையும் கேட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். அனுமதி கிடைத்ததும் பதிவேட்டு அறையில் பக்கத்தை எண்ணிச் சொல்வார்கள், காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டைப் போட்டோகொப்பி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நான் மூலத்தைச் சட்டைப் பையில் வைத்து, அம்மா சட்டையைத் துவைத்து, அந்தக் கதை வேண்டாம்.

சிங்களப் பிரதி ஆறு வாரத்தில் வந்துவிட்டது. சுருக்கெழுத்தை அன்றைக்கே டைப் செய்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, சுருக்கெழுத்தாளர் பகலில் கோட்டில் இருப்பார், எழுதினதை விரித்து டைப் செய்ய அவருக்குத் தனியாக நேரம் வேண்டும், அடுத்த நாள் திரும்பவும் கோடு. பதிவேட்டு அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை வரை கட்டுக் கட்டாக வழக்கேடு, நாடா கட்டி, ஓரம் மடிந்து, நடுவில் ஒரு மேசை, ஒரு விசிறி. அங்கே இருந்த உத்தியோகத்தர், மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம், ஒருநாளும் எரிந்து விழவில்லை. "மல்லி, டோனர் இல்லை, வெள்ளிக்கிழமை வா" என்பார், மல்லி என்றால் தம்பி. வெள்ளிக்கிழமை டோனர் வந்திருக்கும், காகிதம் வந்திருக்காது.

தமிழ் மொழிபெயர்ப்புதான் நின்றது. ஏப்ரல் விடுமுறை, ஓகஸ்ட் விடுமுறை, வழக்கைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தவணைக்கும் "மொழிபெயர்ப்பு வரவில்லை" என்று ஒரு வரி எழுதி அடுத்த திகதி. ஒவ்வொரு தவணையும் எனக்கு அரை நாள் லீவு, அம்மாவுக்கு த்ரீவீல் காசு, லோயர் அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது. நீதவான் நீதிமன்றத்தில் கட்டுகிற தண்டப் பணமாவது உள்ளூராட்சி சபைகளின் வருமானத்தில் சேர்ந்து எங்காவது ஒரு கானைத் துப்புரவாக்கும், நாங்கள் தவணைக்குத் தவணை கரைத்த காசு ஒரு கணக்கிலும் வராது.

எனக்குக் கோபம் நீதிபதி மேல்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஜூன் மாதம் ஒரு தவணையில் அவரே பதிவாளரைக் கூப்பிட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். பதிவாளர் சொன்ன பதில் எனக்குக் கேட்டது: தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் பற்றாக்குறை, இருக்கிறவர் கூண்டு வேலையையும் பார்த்து எழுத்து வேலையையும் பார்க்கிறார், பழையவர் ஓய்வு பெற்ற இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. நீதிபதி ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த திகதியைப் போட்டார். அவர் வேறென்ன செய்வார், தன் கோட்டுக்கு ஒரு ஆளை எடுக்க அவரால் முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்த இடத்தை நிரப்புவது யார் கையில் என்று தேடத் தொடங்கினேன், வெறும் ஆத்திரத்தில்தான். பிரதம நீதியரசரும் நாட்டின் உச்சமான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் இருவரும் இருக்கிற நீதிச் சேவை ஆணைக்குழுதான் கீழ்நிலை நீதிமன்ற நீதிபதிகளையும் பதிவாளர் போன்ற நீதிமன்ற உத்தியோகத்தர்களையும் நியமிக்கிறது. ஆனால் சம்பளம், கட்டிடம், மின்சாரம், டோனர் எல்லாவற்றுக்கும் பணம் நீதி அமைச்சின் பக்கமிருந்து வர வேண்டும். புதிதாக ஒரு பதவியை உருவாக்கவோ ஆளணியைக் கூட்டவோ வேண்டுமென்றால் திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆமென்று சொல்ல வேண்டும். ஆளை எடுக்கிறவர் ஒருவர், காசு வைத்திருக்கிறவர் ஒருவர், கதிரை போடலாமா என்று சொல்கிறவர் இன்னொருவர். எங்கள் 17 பக்கம் இந்த மூன்று வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டையும் திறந்து பார்த்தேன், மூன்று மொழியிலும் இருக்கிறது, தூக்கம் வராத இரவுக்கு நல்லது. செலவுத் தலைப்பு 228 நீதிமன்றங்கள் நிருவாகம். உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்களின் சம்பளத்துக்கு 108ஆம் உறுப்புரை காவல் இருக்கிறது, அது நேரே அரசின் பொதுப் பணமான திரட்டு நிதியத்தின் மேல் சுமத்தப்பட்ட செலவு, நியமித்த பிறகு குறைக்கவும் முடியாது. அது சரிதான், அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுகிறவரின் சம்பளத்தில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்தக் காவல் முதலியாருக்குக் கிடையாது, டைப்பிஸ்டுக்குக் கிடையாது. அவர்கள் வருடா வருடம் ஒதுக்கீட்டில் மிஞ்சினதைப் பார்த்திருக்க வேண்டும். 2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்தோடு உயர் நீதிமன்ற நீதியரசர் எண்ணிக்கை 11இலிருந்து 17 ஆனது, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12இலிருந்து 20 ஆனது, மேலே கதிரை கூடியது. நல்லது. ஆனால் 2022 டிசம்பர் 31ஓடு அரச ஊழியர் ஓய்வு வயது 60 என்றானபோது நாடு முழுக்க அனுபவமுள்ளவர்கள் கூட்டமாக வெளியே போனார்கள், பொருளாதார நெருக்கடியால் புதிய ஆட்சேர்ப்பும் இறுகிக் கிடந்தது. சட்டத் தமிழும் சட்டச் சிங்களமும் இரண்டும் தெரிந்த ஒருவரைச் சந்தியில் நின்று கூப்பிட்டுப் பிடிக்க முடியாது.

பக்கத்தில் இருக்கிற உயர் நீதிமன்றக் கட்டிடம் சீன உதவியில் வந்தது. கட்டிடம் யாராவது தருவார்கள், கணினி யாராவது தருவார்கள், மாதாமாதம் ஒரு முதலியாரின் சம்பளத்தை எந்த நாடும் நன்கொடையாகத் தராது, அது எங்கள் திறைசேரியின் வேலை.

இடையில் குறுக்கு வழியும் யோசித்தேன். சத்தியப்பிரமாணம் செய்த தனியார் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் ஒரு வாரம், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. லோயர் அக்கா தடுத்தார்: "நாங்களே செய்து கொண்டுபோனா மற்றப் பக்கம் அதையே ஒரு பிரச்சினையாக்கும். அரசு தரவேண்டியதை ஏன் நீங்க காசு குடுத்து வாங்கிறீங்க?" அவசரம் இருக்கிறவர்கள் அந்த வழியில் போகலாம், குறை சொல்ல மாட்டேன்.

செப்டெம்பரில் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்று போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றங்களும் அதன் கீழ் வருகின்றன, பலருக்கு இது தெரியாது. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதைக் கேட்கவும் கூடாது, அது நீதிபதியின் இடம். நான் கேட்டது நிருவாகத்தை: தமிழ் மொழிபெயர்ப்புக்கு அங்கீகரித்த ஆளணி எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, வெற்றிடத்தை நிரப்பும்படி கடைசியாக எப்போது எழுதினீர்கள். தமிழிலேயே எழுதினேன். தீர்மானத்தைச் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள், அதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரே பக்கம், முதல் நான்கு பக்கம் இலவசம் என்பதால் காசும் இல்லை. அந்தத் தாளில் இருந்த எண்களை இங்கே போடவில்லை, போட்டால் எந்தக் கோடு என்று தெரிந்துவிடும், அந்த மாத்தயா இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெற்றிட நிரலில் பூச்சியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். கடிதம் எழுதிய திகதிகளும் இருந்தன, அவர்கள் எழுதாமல் இல்லை, எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விண்ணப்பத்தால் வேலை நகர்ந்ததா, தானாக முறை வந்ததா தெரியாது. ஒக்டோபரில் எங்கள் பக்கங்கள் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குப் போயின.

டிசம்பரில் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்தே வாசித்தார், தன் பெயரில் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டுபிடித்துப் பேனாவால் திருத்தப் போனார், கையைப் பிடித்தேன், அத்தாட்சிப் பிரதியில் பேனா படக்கூடாது. 11ஆம் பக்கத்தில் அந்த வரி: "இரவு வேளைகளில் வாயிற்கதவை மூடி வைத்திருப்போம்." அவ்வளவுதான், பின்பாதி இல்லை.

"நான் இப்பிடிச் சொல்லேல்லையே" என்றார் அம்மா.

வழக்கேட்டைத் திருத்தும்படி இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறோம், அம்மாவின் சத்தியக்கடதாசியோடு. அதைத் தமிழில் தாக்கல் செய்ய உரிமை இருக்கிறது, ஆனால் தமிழில் கொடுத்தால் அதைச் சிங்களமாக்க வேண்டும், ஆக்குவதற்கு அதே மேசைக்குத்தான் போக வேண்டும். லோயர் அக்கா இரண்டு மொழியிலும் தயாரித்துவிட்டார். அடுத்த தவணை மார்ச் மாதம், முதலியார் அன்றைக்கு வருவாரா என்று ஒரு வாரம் முன்பே போய்க் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.