நீலக் கோப்பை

"அப்பம்மா, அவருக்கு மட்டும் ஏன் இந்தக் கோப்பை?"

காலையில் கிணறு இறைக்க வந்தவருக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தபோது என் மகள் கேட்டாள்.

விளிம்பு வெடித்த நீலப் பிளாஸ்டிக் கோப்பை. குசினிக்குள் வராது, வெளியே தண்ணீர்த் தொட்டியில் கவிழ்ந்தே கிடக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படி ஒரு கோப்பையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு நாளும் கேட்டதில்லை.

1977 இனக் கலவரத்தில் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடும்பம் அவருடையது. இங்கேயே காடு வெட்டி, இங்கேயே பிள்ளையைப் புதைத்தவர்.

போர் முடிந்த 2009இல் வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில் அம்மாவும் அவரும் ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்றார்கள். ஒரே பவுசர் வண்டித் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தோம்.

திரும்பி வந்து வீடு கட்டினோம், சரி. இந்தக் கோப்பையையும் ஏன் திரும்ப வாங்கினோம்?

அம்மா பேசவில்லை. மகள் குசினிக்குள் போய்த் தன்னுடைய கோப்பையை எடுத்து வந்தாள்.