இரண்டாவது ஸ்லாட்

ஜூன் 3
ராத்திரி மறுபடியும் மதர்போர்டு மேனுவல்கள்தான்; இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட ஒரு போர்டு தேடுகிறேன். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் பிரயோஜனமில்லை. இரண்டு நீள ஸ்லாட், இரண்டுக்கும் ஒரே மாதிரி இரும்புக் கவசம், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பொடி எழுத்தில் வருகிறது சங்கதி: இரண்டாவதற்கு 4 லேன்தான் (டேட்டா போகும் பாதை), அதுவும் சிப்செட் என்கிற இடைத்தரகர் சிப் வழியாக. ஏஎம்5-இல், அதாவது ஏஎம்டி ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில், சிப்செட்டிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் பாதையே மொத்தம் 4 லேன். சாட்டா டிஸ்க், நெட்வொர்க், பாதி யுஎஸ்பி எல்லாம் அதில்தான். அந்த நெரிசலில் என் கார்டுமா?

ஜூன் 4
இன்றும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 6
இன்று முழுக்க விஆர்எம், ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சர்க்யூட். ஒரு போர்டு 16 ஃபேஸ் (மின்சாரத்தைப் பங்குபோடும் கிளை) என்று மார்தட்டுகிறது. கன்ட்ரோலர் தருவதோ 8. அதையே இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அது குற்றமில்லை. ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே இருப்பது நிஜ ஹீட்சிங்க்தானா என்பதுதான் கேள்வி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, உள்ளே ஒரு சின்ன அலுமினியக் கட்டி.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசஸர்கள், முழுச் சுமையில் 95 டிகிரி வரை தானாகவே ஏறி அங்கேயே நிற்கிற மாதிரி வடிவமைத்தவை. அதற்கு மேல் நான் ஓவர்கிளாக் செய்து, வேகத்தை இன்னும் கூட்டி, என்ன கிழிக்கப்போகிறேன்? தெரியாது. ஆனால் வேண்டும். ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய விடாத ஏ620 சிப்செட் அதனாலேயே கழிந்தது.

ஜூன் 7
அண்ணன் போன். "ரெண்டு கார்டு எதுக்குடா? எஸ்எல்ஐ செத்து எவ்வளவு வருஷமாச்சு!"

எஸ்எல்ஐ என்றால் இரண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் என்விடியா வித்தை. கேம் ஆடுகிறவர்களுக்கு அவன் சொன்னது சரி. 2021 பிறந்ததிலிருந்து என்விடியா புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் போடுவதில்லை, 4090 கார்டில் இரண்டையும் இணைக்கும் என்விலிங்க் கனெக்டரே கிடையாது. எனக்கு வேண்டியது ரெண்டர், 3டி காட்சியைப் படமாக்குவது. பிளெண்டர் சாஃப்ட்வேரில் இரண்டு கார்டையும் டிக் செய்தால் அதன் ரெண்டர் இன்ஜின் சைக்கிள்ஸ் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், பாலம் எதுவும் வேண்டாம். காட்சி மட்டும் ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் முழுசாக ஏற வேண்டும். எல்லாம் சொன்னேன்.

"சரி, அப்போ 4 லேன் போதாதா?" என்றான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 8
போதும்தான். காட்சியை ஏற்றும்போது கொஞ்சம் இழுக்கும், பிறகு கார்டு தன்பாட்டுக்கு ஓடும். இருந்தாலும் 8க்கு 8, அதாவது இரண்டு ஸ்லாட்டுக்கும் எட்டெட்டு லேன், என்றால் மனசு ஆறும். பிசிஐஇ என்பது இந்த ஸ்லாட்டின் தரம்; அதன் 4.0 பதிப்பில் 8 லேன், பழைய 3.0-இன் 16 லேனுக்குச் சமம். நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி.

ஜூன் 10
ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் 20.32 மி.மீ. என் கார்டு மூன்று ஸ்லாட் தடிமன், ஆக 61. அந்த அகலத்துக்கு அட்டை வெட்டி, பழைய போர்டில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது கார்டு ஒட்டியே வந்து உட்கார்ந்தால் மேல் கார்டின் ஃபேன் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு சுற்றும். காற்று எங்கிருந்து வரும்? ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருந்தாக வேண்டும்.

ஜூன் 11
எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட்டுகளில் கடைசியில் ஒன்றைச் செருகினால் கார்டின் முதல் ஸ்லாட் 8 லேனுக்கு இறங்குமாம். அடிக்குறிப்பில்! இன்னொரு போர்டு போச்சு.

ஜூன் 13
ஆர்டர் போட்டாச்சு. 8க்கு 8, இரண்டும் நேரே ப்ராசஸரிலிருந்து. நடுவே ஒரு ஸ்லாட் இடைவெளி. ப்ராசஸர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் பின்பக்கமே இருக்கிறது.

ஜூன் 14
நான்கு மெமரி குச்சி போட்டால் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600 MT/s-க்கு இறங்கிவிடும். இரண்டே போதும்.

ஜூன் 17
வந்தது. சிபியு பவருக்கு இரண்டு 8 பின். ஒன்று போட்டாலே ஓடும். ஓவர்கிளாக் செய்யப்போகிறவன் அப்படி விடுவானா? இன்னொரு கேபிள் பவர் சப்ளை பையில்தான் இருக்கணும், அந்தப் பை