மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று தன் பழைய காரை என்னிடம் கொண்டுவந்த பெரியவர், “மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா தம்பி?” என்று கேட்டார். மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “இல்லை ஐயா, இது கரண்ட் வேலை” என்றேன். ஐந்தே சொற்கள். அப்போது மீட்டரில் நின்றிருந்த எண்கூட மறக்கவில்லை: நிறுத்தி வைத்த வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட், 340 மில்லிஆம்பியர்.

அந்த எண் பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை இணைத்து, கதவுகளைப் பூட்டி, அரைமணி நேரம் காத்திருந்து எடுத்த அளவு. நிறுத்தி வைத்த வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் இழுத்தால் பேசாமல் விட்டுவிடலாம். 340 என்றால் ஒரு நாளைக்கு எட்டு ஆம்பியர்-மணி சார்ஜ் போய்விடும். அவருடைய 60 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் பாதிக்கு இறங்கிவிடும். “நாலைந்து நாள் எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை” என்று அவர் சொன்னதோடு கணக்கு அப்படியே ஒத்துப்போயிற்று. ஒத்துப்போனதுதான் வினை. விடை கைக்கு வந்துவிட்ட பிறகு யார் கேள்வியைக் காதில் வாங்குகிறார்கள்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்விளக்கும் கதவுப் பூட்டும் சேர்ந்த ஃபியூஸை எடுத்ததும் எண் 30-க்கு விழுந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு கனெக்டர். பின்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு. வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டேன். 28. வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

களிம்பைப் பார்த்தபோது, பழைய வண்டி, இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. களிம்பு வயதால் ஏறுவதில்லை, ஈரத்தால் ஏறுவது. என்னிடம் வேலை கற்க வந்த முதல் வாரத்திலேயே எந்தப் பையனுக்கும் நான் சொல்லும் பாடம் அது. அன்றைக்கு உதவிக்கு நின்ற பையன், “அண்ணா, உள்ளே ஈர வாடை அடிக்கிறது” என்று வேறு சொன்னான். “ஏ.சி. தண்ணீராக இருக்கும்” என்றேன். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வண்டி மக்கர் செய்த தேதிகளையெல்லாம் குறித்திருப்பதாகச் சொல்லி நீட்டினார். “தேவைப்படாது ஐயா” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

எனக்கும் காரணம் இருந்தது. வண்டிக்காரர்கள் சொல்லும் காரணங்களை நம்பிக் கெட்டவன் நான். ரேடியோதான் பேட்டரியைக் குடிக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் அதையே குடைந்திருக்கிறேன். கடைசியில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு போயிருந்தது. அதற்குப் பிறகு, மனிதர் சொல்வதைவிட மீட்டர் சொல்வதைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். மோசமான முடிவு என்று இப்போதும் தோன்றவில்லை. ஆனால் மீட்டர் அன்றைய வண்டியைத்தான் அளந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் நல்ல வெயில். காய்ந்த வண்டியை அளந்துவிட்டு மழையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவன் நான்தான், மீட்டர் அல்ல.

ஐந்து வாரம் கழித்து வண்டி கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. இரவு, நல்ல மழை. வைப்பர் அணைத்தாலும் நிற்கவில்லையாம். கதவுப் பூட்டுகள் தாமாகவே பூட்டித் திறந்து பூட்டினவாம். பிறகு விளக்கு முழுவதும் போய்விட்டது. அவருடைய மனைவியும் உடன் இருந்திருக்கிறார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று நான் கேட்கவில்லை. “மறுபடியும் கொஞ்சம் பாருங்கள் தம்பி” என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இந்த முறை கார்பெட்டைப் பிரித்தேன். மேலே கை வைத்தால் லேசான ஈரந்தான். அடியிலிருந்த பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. பையனை டார்ச்சோடு உள்ளே குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு, வெளியே ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தித்தான் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. வேகமாகப் பீய்ச்சினால் மழை நுழையாத இடத்திலும் நாமே நுழைத்துவிடுவோம். கதவுக்கு விட்டேன், ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் அடிப்பள்ளத்துக்கு வந்ததும், “அண்ணா, வருகிறது!” என்றான். வடிகால் துளையை மக்கிய இலைகள் சேறாக அடைத்திருந்தன. தேங்கிய தண்ணீர் ஒயர்க் கட்டு உள்ளே நுழையும் ரப்பரைத் தாண்டி, ஒயரின் மேலேயே வழிந்து, நேராக ஃபியூஸ் பெட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிடி இலை. கம்பியால் குத்தி எடுக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

ஃபியூஸ் பெட்டிக்கு மட்டும் காசு வாங்கினேன், கூலி வாங்கவில்லை. இதை இங்கே எழுதுவதிலும் ஒரு தற்காப்பு இருக்கிறது, தெரிகிறது.

இப்போது எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதலில் மழையைப் பற்றிக் கேட்கிறேன், கார்பெட்டைத் தூக்குகிறேன். போன மாதம் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. “பேட்டரி பார்க்கச் சொன்னால் தரையை ஏன் பிரிக்கிறீர்கள்?” என்றார். அவர் வண்டி எலும்பாகக் காய்ந்திருந்தது. பேட்டரி கிழடு, அவ்வளவுதான். அரை நாள் வீண், இரண்டு கிளிப்புகளும் உடைந்தன. இதைப் பாடம் கற்றதாகச் சொல்வதா, பயந்துபோனதாகச் சொல்வதா?

பெரியவரின் தாள், டேஷ்போர்டுப் பெட்டியில் நனைந்து கிடந்தது. காய வைத்தேன். ஒன்பது தேதிகள். ஏழுக்குப் பக்கத்தில் ‘மழை’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டுக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்த இரண்டைப் பார்த்தபோது முதலில் வந்தது நிம்மதி என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பாருங்கள், மழையில்லாமலும் இறங்கியிருக்கிறது, என் கனெக்டரும் ஒரு காரணந்தான். பிறகுதான் இன்னொன்று தோன்றியது. வண்டியை வாசலில் நிறுத்தி அவரே குழாயால் கழுவுவார் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த இரண்டும் கழுவிய நாட்களா?

கேட்டால் சொல்லிவிடுவார், குறித்துவைக்கிற மனிதர். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.