வான்கோழிக் காலும் கோணல் மெழுகுவத்தியும்

ஹூஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 50 மைல் தொலைவில் டாட் மிஷன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சந்தடியில்லாமல் கிடக்கும் அந்த ஊர், இலையுதிர் காலத்து வார இறுதிகளில் மட்டும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நகரமாக வேடம் கட்டிக்கொள்கிறது. 1974 முதல் அங்கே நடந்துவரும் டெக்சஸ் மறுமலர்ச்சித் திருவிழாவுக்குச் சென்ற நவம்பரில்தான் முதன்முறையாகக் குடும்பத்தோடு போனோம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியாரையும் அழைத்துச் சென்றதால் அந்த நாள் நான் எதிர்பார்த்ததைவிட வேறுவிதமாக அமைந்தது.

எங்கள் பத்து வயது மகள் நீண்ட பாவாடையும் தலையில் பூ வளையமும் அணிந்திருந்தாள். ஆறு வயது மகனிடம் ஒரு மரவாள் இருந்தது. நானும் கணவரும் ஜீன்ஸில் கிளம்பினோம். அத்தை வழக்கம்போல அரக்கு நிறச் சுங்குடிச் சேலையில் வந்தார். நுழைவாயிலில் இறகு வைத்த தொப்பியணிந்த ஒருவர் எங்கள் இருவரையும் ஏறிட்டும் பார்க்காமல், அத்தையின் முன் இடுப்பு வரை குனிந்து, எந்த நாட்டு அரசியார் எழுந்தருளியிருக்கிறீர்கள் என்று பழைய ஆங்கிலத்தில் கேட்டார். "என்னடி சொல்றான்?" என்ற அத்தைக்குப் பேத்தி விளக்கியதும், சற்றும் தயங்காமல் "கும்பகோணம்" என்று பதில் வந்தது. அவரும் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறி உரக்க அறிவித்தார்.

பெயரைக் கேட்டால் ஐரோப்பாவிலிருந்து வழிவழியாக வந்த திருவிழா என்று தோன்றும். உண்மையில் இந்த வகைச் சந்தை அமெரிக்காவில் பிறந்தது: பள்ளி ஆசிரியையான ஃபிலிஸ் பேட்டர்சனும் அவருடைய கணவரும் 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் நடத்தியதே முதலாவது. ஆகவே இங்கே வரலாற்றுத் துல்லியத்தைத் தேடுவது, பொருட்காட்சியில் அட்டையில் செய்த தாஜ்மகாலைத் தட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். கடற்கொள்ளையரும் தேவதைகளும் ஒரே வரிசையில் நின்று எலுமிச்சைச் சாறு வாங்குகிறார்கள்.

எல்லார் கையிலும் இருக்கும் வறுத்த வான்கோழிக் காலையே எடுத்துக்கொள்ளலாம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. கணவர் அதைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னார். வெளியுணவுக்கு உள்ளே அனுமதி இல்லையென்பதால், நானும் அத்தையும் புளியோதரையை முன்பே வாகன நிறுத்தத்தில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தோம். அந்தப் புளியோதரையில் இருந்த மிளகாயும் அதே கண்டத்திலிருந்து, போர்த்துக்கீசியர் மூலமாக நம் ஊருக்கு வந்ததுதான் என்று நான் சொன்னதை அத்தை நம்பவில்லை. "அதுக்கு முன்னாடி உரைப்புக்கு என்ன பண்ணினாங்களாம்?" என்றார். மிளகு என்றேன். பிறகு, அந்த மிளகைத் தேடித்தானே அவர்கள் வந்தார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டிக்குக் கூட்டம் நெரிந்தது. பார்வையாளர் பகுதியைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வீரரைத் தந்துவிடுவதால், பத்து நிமிடத்துக்கு முன் பெயர்கூடத் தெரியாதவருக்காக நாமும் தொண்டை வறளக் கத்துகிறோம். இக்காலத்து ஈட்டிகளின் முனையை எளிதில் முறியும் மெல்லிய மரத்தால் செய்கிறார்கள். முறியும் சத்தமே பாதிக் காட்சி. 1559இல் பாரிஸில் இப்படியொரு போட்டியில் ஈட்டிச் சிம்பு கண்ணில் பாய்ந்து, பிரான்சின் அரசர் இரண்டாம் ஹென்றி பத்தாம் நாள் இறந்துபோன கதையைக் கணவர் அந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாம். மகன் அதன் பிறகு வாளை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்களைக் கையால் மூடிக்கொண்டே மீதிப் போட்டியைப் "பார்த்தான்".

எனக்குப் பிடித்தது மெழுகுவத்திக் கடைதான். அங்கே வேடம் குறைவு, வேலை அதிகம். உருகிய மெழுகில் திரியை முக்கி, எடுத்து, தண்ணீரில் நனைத்து ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். முதல் நாலைந்து முறை ஒன்றுமே நடவாததுபோல் இருக்கும். பிறகுதான் விரல் பருமன் ஏறும். மெழுகில் அதிக நேரம் வைத்தால் ஏறியதும் உருகிப் போய்விடும். மகனுக்கு ஆறவிடும் பொறுமை இல்லை. ஆகவே அவனுடைய வத்தி புடலங்காய்போல் கோணிக்கொண்டது. உதடு பிதுங்கி அவன் அழத் தயாரானபோது, அத்தை அதை வாங்கி, சூடு தணிவதற்குள் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து, விளக்குக்குத் திரி உருட்டுவதுபோல் மெல்ல உருட்டினார். கடைக்காரப் பெண்மணி தன் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், கோணிப்போன இன்னொரு வத்தியையும் எடுத்து அத்தையிடம் நீட்டினார்.