ரெண்டு வருஷம் மறந்துபோன அந்த ஆளு

காலைல ஜெபம் பண்ண உக்காந்தா ஒரே கேள்விதான் வருது, ஆண்டவரே இன்னும் எவ்ளோ நாள்? அப்படியே பைபிளோட முதல் புஸ்தகம் ஆதியாகமம் எடுத்துப் படிச்சேன். யோசேப்பை அண்ணன்மாரு விக்கும்போது அவனுக்கு 17 வயசு, எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி போய் நிக்கும்போது 30, நடுவுல 13 வருஷம் அடிமை, ஜெயில், செய்யாத தப்புக்குப் பழி வேற. இதுல என்னை ரொம்ப உறுத்துறது அந்த பானபாத்திரக்காரன்தான், ராஜாவுக்கு ரசம் ஊத்திக் கொடுக்குறவன், ஜெயில்ல கூட இருந்தப்போ அவன் கண்ட சொப்பனத்துக்கு யோசேப்புதான் அர்த்தம் சொன்னான். "என்னை நினைச்சுக்கோ"ன்னு யோசேப்பு கெஞ்சிக் கேட்டும் வெளிய போனதும் சுத்தமா மறந்துட்டான் (நாமளும் அப்படித்தானே, காரியம் முடிஞ்சா யாரு ஞாபகம் வச்சிருக்கா), இன்னும் முழுசா ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

ஆனா அவன் உடனே பார்வோன்கிட்ட சொல்லி யோசேப்பு ரிலீஸ் ஆகியிருந்தா? பேசாம அப்பாவைத் தேடிப் போயிருப்பான்னுதான் எனக்குத் தோணுது, அப்புறம் பார்வோன் சொப்பனம் கண்ட அன்னைக்கு பஞ்சம் வரப்போகுதுன்னு அர்த்தம் சொல்ல யாரைக் கூப்பிடுவாங்க, பஞ்சத்துல அந்த அண்ணன்மாருக்கே தானியம் எங்க கிடைச்சிருக்கும்?

இதெல்லாம் நல்லாவே புரியுது. ஆனா யோசேப்புக்கு உள்ள இருந்தப்போ, தான் வெளிய வரப்போற அந்த 41-ம் அதிகாரம் தெரியாதே, எனக்கும் என்னோடது தெரியல. இன்னைக்கும் அதே கேள்வியோடதான் முழங்கால் போட்டேன், கொஞ்சம் சத்தம் கம்மியா.