மாரிக்கால உப்புநீரும் என் பவளத் தொட்டியும்

திருகோணமலை உப்புவெளியில், எங்கள் வீட்டு முன்கூடத்தில், 200 லீற்றர் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்றை 2021 ஆம் ஆண்டிலிருந்து பராமரித்து வருகிறேன். நம் கடலில் பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், பிறருடைய தொட்டிகளில் வளர்ந்த லெதர் பவளம், காளான் பவளம் ஆகியவற்றின் சிறு துண்டுகளை வாங்கியே தொடங்கினேன். வீட்டிலிருந்து கடற்கரை ஐந்து நிமிட நடை தூரம். அப்படியிருந்தும் பவளத் தொட்டிகளுக்கென விற்கும் உப்பைக் காசு கொடுத்து வாங்கி நீரில் கரைப்பதேன் என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்காமல் போவதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன்.

2022 இல் டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதி உப்பு கிடைப்பது அரிதானபோது, வாரந்தோறும் 40 லீற்றர் கடல்நீரைக் கான்களில் அள்ளி வந்து, துணியால் வடித்துத் தொட்டியில் ஊற்றத் தொடங்கினேன். சில மாதங்கள் குறையேதும் தெரியவில்லை. மார்கழி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில், லெதர் பவளம் தன் குஞ்சங்களை முழுவதும் உள்ளிழுத்துக்கொண்டு வழுவழுப்பான காதுமடல் போல் சுருங்கிக் கிடந்தது. கானில் மிஞ்சியிருந்த நீரை அளந்தேன். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 29 பங்கு. இருக்கவேண்டியது 35. அடுத்த வீட்டு மீன்பிடிக்கும் அண்ணையிடம் இதைச் சொன்னபோது, "மாரியில மழைத் தண்ணி மேலாலதான் கிடக்கும், தம்பி. நீ அள்ளினது அரைவாசி ஆத்துத் தண்ணி" என்றார். அவர் சொன்னதற்குப் பெரிய காரணமும் உண்டு. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலப்பது ஒருபுறமிருக்க, அக்காலத்தில் வங்காள விரிகுடாவின் வடக்கே பெருநதிகளால் உப்புக் குறைந்த மேல்நீர் கரையோரமாகத் தெற்கு நோக்கி வந்து நம் கிழக்குக் கரையையும் தொடுகிறது.

இரண்டு வாரங்களில் தொட்டியின் உப்புத்தன்மை 33 வரை இறங்கியிருந்தது. பதறிப்போய் உப்பை நேரடியாகக் கொட்டியிருந்தால் பவளங்களை நானே கொன்றிருப்பேன். கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் பேருந்தில் போட்டுவிட்ட உப்பைக் கரைத்து, நாள்தோறும் ஆவியாகிக் குறையும் ஏறத்தாழ இரண்டு லீற்றர் நீரை நன்னீரால் நிரப்புவதற்குப் பதிலாக, 35 அளவுள்ள உப்புநீரால் நிரப்பினேன். இதனால் உப்புத்தன்மை நாளொன்றுக்கு 0.35 மட்டுமே ஏறி, ஆறு நாள்களில் தொட்டி பழைய நிலைக்கு வந்தது. குஞ்சங்கள் மீண்டும் முழுதாக விரிய மேலும் பத்து நாள் எடுத்தது.

அதன் பின் உப்புநீரை நானே கலப்பதில் முழுக் கவனம் செலுத்தினேன். எங்கள் கிணற்று நீர் கடினமானது, குழாய் நீரிலோ குளோரின் உண்டு, எனவே நுண்சவ்வின் வழியே நீரை அழுத்தித் தூய்மையாக்கும் ஆர்.ஓ. வடிகட்டியிலும், அதையடுத்து அயனி நீக்கும் பிசினிலும் செலுத்தி, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் கரைதிண்ம அளவி பூச்சியம் காட்டும் நீரையே பயன்படுத்துகிறேன். உப்பு மூட்டையை நிமிர்த்தி வைத்திருந்தால் பாரமான துகள்களும் இலேசான துகள்களும் பிரிந்து நிற்கும் என்பதால், எடுப்பதற்கு முன் அதை நிலத்தில் நன்றாக உருட்டிக்கொள்வேன். நான் வாங்கும் உப்பில் லீற்றருக்கு ஏறத்தாழ 38 கிராம் தேவை; 20 லீற்றருக்கு 760 கிராம்.

முதலில் நீர், பிறகு உப்பு என்ற வரிசை மாறவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் பீப்பாவின் அடியில் உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் நீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் நீர் தெளிந்திருந்தாலும், அடியில் சுண்ணாம்புப் பூச்சு போன்ற வெண்படலம் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தபோது மாவாக வந்ததேயன்றிக் கரையவில்லை. சிறிதளவு நீரில் உப்பு அளவுக்கு மிஞ்சிச் செறியும்போது கல்சியம் கார்பனேற்றாகப் படிந்துவிடுகிறது; பவளம் வளரத் தேவையான கல்சியமும் காரத்தன்மையும் ஒருங்கே குறைகின்றன. அந்தப் பீப்பாவை முழுவதும் கொட்டிவிட்டேன். இப்போது சிறு பம்பு சுழன்றுகொண்டிருக்கும் நீரில் ஒரு குவளை உப்பைத் தூவி, பால்போன்ற கலங்கல் தெளிந்த பின்னரே அடுத்த குவளையைச் சேர்க்கிறேன். பிறகு பீப்பாவை மூடி, மறுநாள் வரை சுழலவிடுகிறேன்.

அளவியைப் பற்றியும் சொல்லவேண்டும். தூய நீரில் பூச்சியத்துக்குச் சரிசெய்து வைத்திருந்த என் ஒளிமுறிவு அளவி (ஒளி வளைவதைக் கொண்டு உப்புத்தன்மையை அளக்கும் கருவி), 35 அளவுள்ள நியமக் கரைசலில் 36.5 காட்டியது. பூச்சியத்தில் சரியாக நிற்கும் கருவி மேலே பிழைக்கலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கலவைக்கும் முன் அந்தக் கரைசலின் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுச் சரிபார்க்காமல் நான் எதையும் அளப்பதில்லை.

நீர் மாற்றுவது அதிக நேரம் பிடிப்பதில்லை. பம்புகளை நிறுத்தி, மணலில் படிந்த கழிவோடு சேர்த்து 20 லீற்றரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, வெப்பநிலை ஒரு பாகைக்குள் ஒத்திருக்கும் புதுநீரை மெல்ல ஊற்றுகிறேன். பத்திலொரு பங்கை மாற்றினால் கழிவிலிருந்து சேரும் நைட்ரேற்றும் பத்திலொரு பங்குதான் குறையும். 20 இருந்தால் 18 ஆகும். அதனால் ஒரு மாற்றத்தில் பெரிய பலனை எதிர்பார்க்காமல், வாரம் தவறாமல் செய்வதையே கடைப்பிடிக்கிறேன்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்தில் நிலைமை தலைகீழாகிறது. தொட்டியைக் குளிர்விக்க விசிறியை ஓடவிட்டால் நாளுக்கு மூன்று லீற்றர் ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை என்பதால், கண்ணாடியில் ஒட்டிய நாடாவின் கோடு வரை ஆர்.ஓ. நீரை மட்டுமே காலையும் மாலையும் ஊற்றவேண்டும். பீப்பாவில் கலந்த நீரும் 31 பாகைக்கு ஏறிவிடுவதால், மாற்றுவதற்கு ஒரு மணிநேரம் முன்பாக, உறைய வைத்த மூடிய போத்தல் ஒன்றை அதில் மிதக்கவிட்டு 27 பாகைக்கு இறக்குகிறேன். நேற்று மாற்றி முடித்து இரண்டு மணிநேரத்துக்குப் பின் அளந்தபோது தொட்டியிலும் பீப்பாவில் மிஞ்சிய நீரிலும் ஒரே அளவு, 35. லெதர் பவளம் விளக்கு அணையும் வரை விரிந்தே இருந்தது.