காய்ந்த மண்ணில் மின்வேலிக்கு எர்த் போட்ட அனுபவம்

மழைக்காலத்தில் ஒழுங்காக இருந்த மின்வேலியை ஜூன், ஜூலையில் ஆடுகள் மதிக்கவில்லையா? வேலிக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் கருவியான எனர்ஜைசரை மாற்றுவதற்கு முன்னால், அதை மண்ணோடு இணைக்கும் எர்த்தைச் சோதித்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, வெருலத்தில் எங்கள் தோட்டத்துக்கு அதுதான் நடந்தது. இந்தப் பக்கம் மழையெல்லாம் கோடையில்தான். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம்; அது முழுக்க வறட்சி. நிலமோ கடற்கரையோரச் செம்மணல், ஈரம் நிற்காது.

வேலி போட்டுத் தந்தவர் சுவரோரமாக ஒரே ஒரு எர்த் கம்பி அடித்துவிட்டுப் போயிருந்தார். பிப்ரவரியில் அது போதுமானதாக இருந்தது. ஜூலையில் ஆடுகள் கம்பிக்கு நடுவே தலையை விட்டு அவரைக் கொடியை இழுத்துத் தின்றன. கடையில் பெரிய எனர்ஜைசர் வாங்கச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன்தான் தடுத்தார். கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்த குடும்பம்; தலைமுறை தலைமுறையாகக் காய்கறி போடுகிறார்கள். “காசைக் கொட்டாதே தம்பி, உன் எர்த் எப்படி இருக்குன்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

ஆடு கம்பியைத் தொட்டதும் மின்சாரம் அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பி வந்தால்தான் அதிர்ச்சி. மண் காய்ந்துவிட்டால் அந்தத் திரும்பும் வழி அடைபடும். கம்பியில் எத்தனை ஆயிரம் வோல்ட் இருந்தாலும் ஆட்டுக்கு உறைக்காது.

சோதனை எளிது. எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, அதிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, மண்ணில் ஊன்றிய இரும்புக் கம்பிகளை வேலிமேல் சாய்த்து வைத்தோம். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் வேலியின் அளவு 2,000 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும்; வராவிட்டால் இன்னும் கம்பிகளைச் சாய்க்க வேண்டும். அப்புறம் வேலிக்கான மீட்டரின் ஒரு முனையை எர்த் கம்பியில் வைத்து, மறுமுனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்தினோம். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது என்று அர்த்தம். எங்களுடையது அதைத் தாண்டி எங்கோ நின்றது.

சரி என்று புதிதாக மூன்று கம்பிகள் அடித்தோம். துத்தநாகம் பூசியவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் இடைவெளி. இடம்தான் முக்கியம். சமையலறைத் தண்ணீர் போய்ச் சேரும் வாழையடியைத் தேர்ந்தெடுத்தோம். எந்த மாதமும் அங்கே ஈரம் இருக்கும். வீட்டு மின் இணைப்பின் எர்த்திலிருந்து பத்து மீட்டராவது விலகியிருக்க வேண்டும், அதையும் அளந்து பார்த்தோம். இணைக்கிற ஒயரும் கிளாம்பும் துத்தநாகம் பூசியவைதான். செம்பையும் இரும்பையும் சேர்த்துக் கட்டினால் அந்த இடம் சீக்கிரம் அரித்துப்போகும். மறுபடி சோதித்தபோது அளவு 300-க்குள் வந்தது. வேலியின் கடைசி முனையிலும் 4,000 வோல்ட்டுக்குக் குறையவில்லை. ஆடுகள் ஈர மூக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்ததோடு சரி.

குரங்குகள் கதை வேறு. இங்குள்ள வெர்வெட் குரங்கு தரையில் நின்று கம்பியைத் தொடாது. மரத்திலிருந்து தாவி வேலியிலேயே தொங்கும். மண்ணைத் தொடாத பிராணிக்கு மண் வழி எர்த் இருந்து என்ன பயன்? அதனால் மேல்வரிசைகளில் ஒரு கம்பி மின்சாரம், அடுத்தது எர்த் என்று மாற்றி மாற்றி இழுத்தோம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் உறைக்கும், பிடிக்காமல் ஏறவும் முடியாது. வேலியை ஒட்டியிருந்த மாங்கிளைகளையும் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டியிராவிட்டால் கம்பியைத் தொடாமலே உள்ளே குதித்திருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எனர்ஜைசர் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான் மின்சாரம் விடும். அதனால்தான் தொட்டவர் கையை எடுக்க முடிகிறது. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலை. தமிழ்நாட்டில் யானைகளும் மனிதர்களும் அப்படிச் செத்த செய்திகளைப் படித்துவிட்டும் யாராவது அதைச் செய்யலாமா? பிள்ளைகள் நடமாடும் பக்கமெல்லாம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறேன்.

இடிமின்னலுக்கு என்று வேலியில் தனியாக மின்னல் தடுப்பான் வைத்தோம். அதன் எர்த்தை எனர்ஜைசர் எர்த்தோடு சேர்க்காமல், தள்ளித் தனிக் கம்பிகளில் இறக்கியிருக்கிறோம். ஆனாலும் கோடையில் வானம் இருட்டினால் எனர்ஜைசரைச் சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் கழற்றிவிடுகிறேன். மின்வெட்டுக்காக உள்ள 12 வோல்ட் பேட்டரியை ஜூன் பிறப்பதற்கு முன் சோதிப்பேன். அப்போதே எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவேன்.